ஐந்தாவது வழி

புட்டிகள் வரவில்லை என்பதுதான்
முதலில் தெரிந்தது.

தெலாவியில் மார்ச் மாதம்.
சென்ற அறுவடையின் மது
தொட்டியில் தெளிந்து காத்திருக்கிறது.
மதுவுக்குக் காத்திருக்கத் தெரியும்,
ரீகாவில் அதற்குப் பணம் கட்டியவருக்குத் தெரியாது.

நெஸ்தான் இத்தாலிக்கு ஃபோன் செய்தாள்.
அந்தப் பக்கம் ஒரெஸ்தே
கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு,
"எந்தப் பணம்?" என்றார்.

நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு யூரோ.
தணிக்கை நடப்பதால் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது,
சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று
அவ்வளவு பணிவான மின்னஞ்சல்.
அதே சின்னம். அதே கையொப்பம்.
மகனுக்குக் காய்ச்சல் என்று முன்பு எழுதியிருந்தாளே,
இப்போது எப்படி இருக்கிறான் என்றுகூடக்
கேட்டிருந்தது.

முகவரியைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.
ஆரும் என்னும் நெருங்கி நின்று
எம் போல நடித்துக்கொண்டிருந்தன.

கொம்போரிக் கணவாயில் பனி.
வழக்கறிஞர் லமாரா மூன்று மணி நேரம் தாமதமாக வந்து
மேலங்கியைக் கழற்றாமலே கேட்டார்:
"அனுப்பி எவ்வளவு ஆகிறது?"
பதினொரு நாள்.
"பதினொரு மணி நேரம் என்றிருந்தால்
உங்கள் வங்கியை எழுப்பி
அந்த வங்கியின் சட்டையைப் பிடித்திருப்பேன்.
சரி, இன்றும் பிடித்துப் பார்ப்போம்."

கூட்டக் குறிப்பு எழுதுவது நெஸ்தானின் வேலை.
எழுதினாள்.

காவல்துறையில் புகார்.
அதனால் பணம் வராது,
அந்தக் காகிதம் இல்லாமல் வேறு கதவும் திறக்காது.

போஸ்னான் நகரத்து வங்கியில் கணக்கு.
முடக்கச் சொல்லி அங்கே நீதிமன்றத்தில் மனு.
கணக்கு ஒரு மாணவனுடையது, இருபத்தொரு வயது,
முந்நூறு யூரோவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறான்.
"அவன்மேல் வழக்குப் போடலாம். ஜெயிக்கலாம்.
தீர்ப்புக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்."
யாரும் சிரிக்கவில்லை.

யாருடைய அஞ்சல்பெட்டி ஒழுகியது?
அவர்களுடையது என்றால் நட்டத்தில் பங்கு கேட்கலாம்.
உங்களுடையது என்கிறார்கள் அவர்கள்.
ஒப்பந்தத்தில் புட்டியின் எடைக்கு ஒரு வரி,
உடைசலுக்கு இரண்டு வரி,
பொய்க் கடிதத்துக்கு ஒன்றுமில்லை.

காப்பீடு?
திருட்டுக்கு உண்டாம்.
கதவை நாமே திறந்துவிட்டால்
அதற்குப் பெயர் திருட்டில்லையாம்.

"இன்னொன்றும் இருக்கிறது," என்றார் லமாரா,
ஜன்னலைப் பார்த்தபடி.
"சொல்லாமல் விட எனக்கு உரிமையில்லை.
பணத்தை அனுப்பிய ஊழியரிடம்
இழப்பீடு கேட்பது."

நெஸ்தானின் பேனா நிற்கவில்லை.
ஐந்து என்று போட்டு
மற்ற நான்கையும் எழுதிய அதே கையெழுத்தில்
ஊழியர் என்று எழுதினாள்.
பெயரை யாரும் சொல்லவில்லை,
அவளும் எழுதவில்லை.

முதலாளி வாஜா தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார்,
சர்க்கரை கரைந்து வெகுநேரம் ஆன பிறகும்.
அனுப்பிவிடு என்று சொன்னது நான்தான்
என்று அவர் சொல்லியிருக்கலாம்.
சொன்னது அவர்தான்,
வண்டி ஓட்டிக்கொண்டே, ஃபோனில்,
முழுதாகக் கேட்டுக்கூட முடிக்காமல்.
"அடுத்தது என்ன?" என்றார் வாஜா.

ஜூனில் பதினோராயிரத்து நானூறு திரும்பி வந்தது.
மீதி நான்கு நாடுகளைத் தாண்டிப் போய்விட்டதாகப்
புகாரின் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம்.
ஒரெஸ்தேயின் நிறுவனம் அடுத்த சரக்கில்
எட்டு சதவீதம் தள்ளுபடி தந்தது,
இது தவறை ஒப்புக்கொள்வது ஆகாது
என்ற வாக்கியத்தோடு.
கோப்பில் ஐந்தாவது வரி அப்படியே இருக்கிறது.
யாரும் அடிக்கவில்லை,
யாரும் அதன்படி நடக்கவுமில்லை.
அலமாரிச் சாவி அவளிடம்தான்.

இப்போது பணம் அனுப்புமுன் ஃபோன் செய்ய வேண்டும்,
பழைய எண்ணுக்கு,
கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்ல.
ஒரெஸ்தே கணக்கை வாசிக்கிறார்.
அவள் இலக்கம் இலக்கமாக
பென்சிலால் தொட்டுக்கொண்டு வருகிறாள்.
முடிந்ததும் அவர் கேட்டார்,
"உன் பையன் எப்படி இருக்கிறான்?"

பென்சில் நின்றது.

"கடைசி நான்கு இலக்கம்," என்றாள்,
"இன்னொரு தடவை."